இரண்டு மரத்தில் ஓர் எழுத்து

எங்கள் வீட்டில் ஒரே ஓர் எழுத்துதான் இருந்தது. ரெண்டு கோடு, ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும், அவ்வளவுதான். அதற்கு எக்ஸ் என்று ஒரு பெயர் இருப்பது பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நைனா அதை ‘வெட்டு’ என்பார். அம்மா ‘நம்ம வூட்டு எழுத்து’ என்பாள். இரண்டு பேருக்கும் வேறு எழுத்து தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கம் இல்லை. யாராவது என் அம்மாவைக் கைநாட்டு என்று சொன்னால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அவள் தன் ஆயுசில் ஒரு காகிதத்திலும் கட்டைவிரலை உருட்டியதில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்து இறங்கும் ஒரு சந்தில் எங்கள் வீடு. நைனாவுக்குச் சொந்தமாக ஒரு கட்டுமரம். கட்டுமரத்தைப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். அது நாலு தனி மரம். நடுவில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. கயிற்றால் சேர்த்துக் கட்டினால் கடலுக்குப் போகும். திரும்பி வந்ததும் அவிழ்த்து மணலில் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்து ஊறிப்போகும். ஆகவே தினம் கட்ட வேண்டும், தினம் அவிழ்க்க வேண்டும்.

நடு மரம் இரண்டின் மூக்கிலும் எங்கள் வெட்டு இருந்தது. முழுசாக இல்லை, பாதிப் பாதி. இடது மரத்தில் இரண்டு கோடு சாய்ந்து வந்து வலது விளிம்பில் முடியும். வலது மரத்தில் அங்கிருந்தே இரண்டு கோடு கிளம்பிப் பிரியும். சரியாகச் சேர்த்துக் கட்டினால் எழுத்து முழுசாகும். தனித்தனியாகக் கிடந்தால் அது வெறும் கீறல். எந்த மரம் எந்தப் பக்கம் என்று கட்டுகிறவனுக்கும் அது சொல்லும், யாருடைய மரம் என்று அடுத்த குப்பத்துக்காரனுக்கும் சொல்லும். கரையோரம் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒன்று இருந்தது. ஒருவருடையது மூன்று கோடு, இன்னொருவருடையது பிறை. எங்களுடையது எக்ஸ்.

கான்வெண்டில் மூன்றாம் வகுப்பில் சிஸ்டர் என் கணக்கு நோட்டில் சிவப்பு மையால் ஒன்பது எக்ஸ் போட்டுக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்க வூட்டு எழுத்து சிஸ்டருக்கு எப்படித் தெரியும்! நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து காட்டினேன். அம்மா எண்ணிப் பார்த்து, “ஒம்பது போட்டுக் கீறாங்கோ! இன்னா கையி பாரு அந்த சிஸ்டருக்கு” என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினாள். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அவ்வளவும் தப்பு. நான் சும்மா இருந்திருக்கலாம். “சிஸ்டர், அது எங்க வூட்டு எழுத்து. தப்புக்கு வேற எதுனா போடுங்க” என்றேன். முட்டி போட வைத்தார்.

அதே சிஸ்டர் கிறிஸ்துமஸுக்கு அட்டையில் எக்ஸ் எழுதி, பின்னாலே ‘மஸ்’ என்று இங்கிலீஷில் எழுதினார். கேட்டதற்கு, அது கிரேக்க எழுத்து என்றும் கிறிஸ்து என்ற பெயருக்கு அந்தப் பாஷையில் அதுதான் முதல் எழுத்து என்றும் பொறுமையாகத்தான் விளக்கினார். நான் விட்டேனா? “அப்போ ஏன் சிஸ்டர் அதைத் தப்புக் கணக்குக்குப் போடறீங்க?” திரும்பவும் முட்டி. அந்த எழுத்துக்காக நான் போட்ட முட்டிக்குக் கணக்கே கிடையாது.

எங்கள் சந்தில் ரயில்வே கேபினில் வேலை செய்த ஒருவர் இருந்தார். அவர்தான் இன்னொன்று சொன்னார். ரயிலில் கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிதாக எக்ஸ் எழுதியிருக்கும். வண்டி கடந்து போகும்போது அதைக் கண்ணால் பார்த்தால்தான், எந்தப் பெட்டியும் வழியில் கழன்று நிற்கவில்லை, வண்டி முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தமாம். “எக்ஸைப் பாக்காம நான் அடுத்த வண்டிய வுட மாட்டேன் பாப்பா” என்பார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். சிஸ்டருக்கு அது தப்பு, இவருக்கு அது சரி. நான் இவர் கட்சி.

நான் பத்தாவது முடித்த கோடை விடுமுறையில் புயல் வந்தது. புயல் வருகிறது என்று முன்பே தெரிந்ததால் நைனா நாலு மரத்தையும் ஒரே கத்தையாகக் கட்டி மேட்டில் ஏற்றிப் போட்டிருந்தார். கடல் மேட்டுக்கும் ஏறி வந்து கத்தையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. விடிந்து பார்த்தால் மணல்தான் இருந்தது. நைனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்தில் நீரோட்டம் வடக்கே ஓடும்.

மூன்றாம் நாள் மீன் கூடையோடு ஒரு அக்கா வந்தாள். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரி. “உங்க வெட்டு போட்ட மரம் எங்காண்ட ஒதுங்கிக் கீதுக்கா. எங்காளுங்க பாத்து எடுத்து வெக்கறதுக்குள்ள அந்தக் கம்பெனிக்காரன் உள்ள இஸ்துகினு பூட்டான். திங்கக்கெயம பெரிய மிசின் வருதாம். கட்டைய அறுத்து மிசினுக்கு அடியில முட்டுக் குடுக்கப் போறாங்களாம்.”

எண்ணூர்ப் பக்கம் அப்போது வேலிக்கு மேல் வேலியாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். நைனா வெள்ளிக்கிழமை போனார். கேட்டுக்கு உள்ளே விடவில்லை. ஸ்டோர் கீப்பர் என்று ஒருவர் கேட்டுக்கு வந்து, கம்பெனி எல்லையில் ஒதுங்கியது கம்பெனிக்குச் சொந்தம், உன்னுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாராம். நைனா வெட்டைப் பற்றிச் சொன்னார். அதற்கு அந்த ஆள் சொன்ன பதிலை நைனா அன்று சாயங்காலம் எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். “ஒரு கட்டையில ரெண்டு கீறல், இன்னொரு கட்டையில ரெண்டு கீறல். பாறையில உரசினாக்கூட இப்படித்தான் விழும். எழுத்தாம் எழுத்து. உனக்குப் படிக்கத் தெரியுமாய்யா?”

நைனா திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். புது மரம் வாங்க வழியே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். “திங்கக்கெயமைலேர்ந்து ஹார்பர்ல கரி தூக்கப் போறேன். பாப்பா ஸ்கூல் போனது போதும். இறா உரிக்கிற கம்பெனில ஆள் கேக்கறாங்கோ” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதினொன்றாவது முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி. இன்னும் ஒரே ஒரு வருஷம். நாலு மரம் திரும்ப வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் இறால் தோல். என் தலையெழுத்து அந்த வேலிக்கு உள்ளே அடுக்கிக் கிடந்தது.

சனிக்கிழமை விடியும் முன்பே நைனா அடுத்தவர் மரத்தில் கூலிக்குப் போய்விட்டார். அம்மா மீன் கூடையை எடுத்தாள். உள்ளே மீன் வைக்கவில்லை. நைனாவின் கட்டுக் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வைத்தாள். மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். “கெளம்புடி” என்றாள்.

“நைனாவுக்குத் தெரிஞ்சா?”

“தெரியட்டும். வந்து கேக்கட்டும்.”

நான் கூடையைத் தொடப் பயந்து வாசலிலேயே நின்றேன். ஸ்டோர் கீப்பரை நினைத்து இல்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளை கட்டுமரத்தைத் தொடக்கூடாது, தாண்டக்கூடாது. தொட்டால் மீன் படாது என்பார்கள். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றுதான் மீனை வாங்குவாள். அந்த அம்மாதான் கயிற்றைத் தலையில் வைத்துக்கொண்டு எண்ணூர் பஸ் ஏறினாள். கண்டக்டர், “இன்னா மீன்மா, நாத்தமே காணோம்?” என்று கேட்டதற்கு, “இனிமேதான் நாறும்” என்றாள்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வழி விடவில்லை. அம்மா சண்டை போடவில்லை. கேட்டுக்கு நட்ட நடுவில், லாரி போகிற தடத்தில், கூடையை இறக்கி வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு லாரி, உள்ளே ஒரு லாரி. ஹாரன் காதைப் பிளந்தது. அம்மா வெற்றிலைச் சுருக்குப் பையைப் பிரித்து நிதானமாகப் பாக்கு தேடினாள். மூன்றாவது லாரி வந்து நின்ற பிறகு ஸ்டோர் கீப்பர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

“ஏம்மா, என்ன வேணும் உனக்கு?”

“எம் மரம் வேணும் சார்.”

“நேத்து வந்தானே, அவன் பெண்டாட்டியா? அவன்கிட்டதான் சொன்னேனே. அத்தாட்சி எங்கே?”

“உள்ள கீது. வுடு, காட்டறேன். ஒரு அவரு டைம் குடு. காட்டாங்காட்டி நானே அறுத்துக் குடுத்துட்டுப் போறேன்.”

பின்னாலிருந்து லாரி டிரைவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். ஸ்டோர் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அரை மணி நேரம்” என்றார்.

உள்ளே ஒரு ஷெட்டுக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு மரம் கட்டு அறுந்து குவிந்து கிடந்தது. புயல் எங்களுடையதை மட்டும் எடுக்கவில்லை போலிருக்கிறது. அம்மா ஒவ்வொன்றாக மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். தடவினாள்! என் கண்ணெதிரில் அவள் கை மரத்தின் மேல் இருந்தது. வெட்டு இருந்த நடு மரம் இரண்டையும் முதலில், பிறகு வளைவைப் பார்த்துப் பக்க மரம் இரண்டையும், ஆக நாலையும் கண்டுபிடித்தாள். அங்கே தினக்கூலிக்கு மண் சுமந்துகொண்டிருந்த முகத்துவாரக்குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர், யாரும் கூப்பிடாமலே வந்து மரத்தை இழுத்துக் கொடுத்தார்கள். வாட்ச்மேன் அவர்களை ஏசினான். “அட, பேஜாரு பண்ணாத தோஸ்து” என்று ஒருவன் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டான்.

அம்மா மரங்களை அருகருகே போட்டுக் கயிறு சுற்ற ஆரம்பித்தாள். இருபது வருஷம் தூரத்தில் நின்று பார்த்த கட்டு. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். கட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால் எழுத்து சேரவில்லை. கோடுகள் எதிர் எதிர் விளிம்புக்கு ஓடிப்போய், நடுவில் ஒரு காற்றாடி மாதிரி சாய்சதுரம் நின்றது. நடு மரம் இரண்டும் ஒன்றோடு ஒன்று உட்காரவும் இல்லை, கை நுழையும் அளவு சந்து.

ஸ்டோர் கீப்பர் சிரித்தார். “இதுதான் உங்க எழுத்தா? அறுக்கிற ஆளைக் கூப்பிடுப்பா” என்றார்.

ஒருவேளை இது எங்கள் மரமே இல்லையோ? அம்மா முகம் வெளிறிப்போயிற்று. கையில் நார்க் கயிறு அறுத்து ரத்தம் வந்திருந்தது. பிறகு சட்டென்று தலையைத் தூக்கி, “ஏய், கடலு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

மண் சுமக்கிறவன் ஒருவன் கையை நீட்டினான். ஷெட்டும் சுவரும் மறைத்திருந்ததால் கடல் தெரியவில்லை. மரங்களின் மூக்கு எங்களைப் பார்த்துக் கிடந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அம்மா வாழ்நாள் பூராவும் கரையில் நின்று, மூக்கு கடலைப் பார்த்திருக்கும் மரத்தைப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறாள். இங்கே முன்னால் நின்றுகொண்டு அதே இடது வலதுக்குக் கட்டிவிட்டாள். எல்லாம் மாறிப்போயிற்று.

“அவுருடி” என்றாள். அவிழ்த்தோம். அவள் மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், சுவருக்கு அப்பால் இருக்கிற கடலைப் பார்த்து நின்றாள். கண்ணைக்கூட மூடிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். “இது இந்தாண்ட. அது அந்தாண்ட” என்று சொல்லச் சொல்ல ஆட்கள் மாற்றிப் போட்டார்கள். நடு மரம் இரண்டும் டக்கென்று உட்கார்ந்தன. கயிற்றை இறுக்கினோம். நான் மூக்குப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலு கோடும் நடுவில் வந்து முட்டி நின்றன, மயிரிழை பிசகவில்லை. “எக்ஸ்!” என்று கத்தினேன். ரயில்வே கேபின்காரர் அங்கே இருந்திருந்தால் கொடி காட்டியிருப்பார்.

மண் சுமக்கிறவர்கள் விசில் அடித்தார்கள். ஸ்டோர் கீப்பர் குனிந்து பார்த்தார். விரலால் கோட்டைத் தடவினார். “பாறையில ஒரசுனதா சார்?” என்று அம்மா கேட்டாள்.

அவர் உள்ளே போய் ஒரு பெரிய ரிஜிஸ்தரும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார். எதையோ எழுதினார். மைப்பெட்டியைத் திறந்து அம்மாவின் பக்கம் தள்ளினார். “கைநாட்டு வை. எடுத்துக்கிட்டுப் போ.”

அம்மா மைப்பெட்டியைப் பார்த்தாள். மூடிவிட்டாள். “பேனா குடு” என்றாள்.

“உனக்குத்தான் எழுதத் தெரியாதே!”

“குடு சார்.”

அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். மீன் வெட்டும் கத்தியைப் பிடிப்பது போல அம்மா பேனாவைப் பிடித்தாள். ஒரு கோடு கிழித்தாள். குறுக்கே இன்னொரு கோடு. கட்டத்துக்குள் அடங்கவில்லை. மேல் வரியிலும் கீழ் வரியிலும் ஏறிப் பரவிப் பெரிதாக நின்றது.

“இதெல்லாம் கையெழுத்துன்னு நான் ஒத்துக்க முடியாது.”

அதுவரை அவரிடம் வாயைத் திறக்காமல் இருந்த எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. “இதே எழுத்தைப் பாத்துத்தானே சார் இப்போ மரம் எங்களுதுன்னு ஒத்துக்கினீங்க? மரத்துல செல்லும், காயிதத்துல செல்லாதா?” என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். ரிஜிஸ்தரைப் படாரென்று மூடினார். கேட்டைத் திறக்கச் சொன்னார்.

அந்த மனிதருக்குச் சொல்ல எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது. அன்றைக்குத் தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் படித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் துறைமுகத்துக்கு எதிரே கப்பல்களுக்கு மளிகை சப்ளை செய்யும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் ஒரு ரஷ்யக் கப்பல்காரர் சீட்டில் எக்ஸ் போட்டு ஏதோ எழுதி நீட்டினார். என்னவென்று கேட்டால் தொண்டையிலிருந்து ‘ஹ்லெப்’ என்றார். ரொட்டியாம்! எங்க வூட்டு எழுத்து அவர் ஊரில் ரொட்டிக்கு முதல் எழுத்து. போர்ச்சுகீசியன் வாயில் அதுவே ‘ஷ’. அவர்களோடு கப்பலில் வந்த ஒரு புனிதரின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கியது, நம் ஆட்கள் அதைச் ‘ச’ ஆக்கி ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டார்கள். ரோமானியர்களுக்கு அது பத்து. எங்கள் பத்தாம் வகுப்புப் பலகையிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

அந்த வெறியில் நூலகத்தில் புத்தகம் புத்தகமாகத் தேடினேன். ரொம்ப முந்தைய காலத்தில் மேற்கே கடலோரத்தில் கப்பல் ஓட்டிய ஒரு ஜனம் இருந்தது. இன்றைய இங்கிலீஷ் எழுத்துகளுக்கெல்லாம் அவர்கள் எழுத்துதான் மூலம் என்கிறார்கள். அவர்களுடைய கடைசி எழுத்து, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடு. அதன் பெயருக்கு அர்த்தமே ‘அடையாளம்’ என்பதுதான். இன்றைய எக்ஸ் அதிலிருந்துதான் நேராக வந்ததா, வேறு வழியில் வந்ததா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும். இன்னொரு பக்கத்தில், தமிழை முதன்முதலில் பாறையில் வெட்டியபோது ‘க’ என்ற எழுத்து எப்படி இருந்தது என்று படம் போட்டிருந்தார்கள். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. கொஞ்சம் சாய்த்தால் எங்கள் வெட்டு. நூலகத்தில் சத்தம் போடக்கூடாது, ஆனாலும் நான் சிரித்துவிட்டேன். எழுதத் தெரியாதவள் என்று யாரைச் சொன்னீர்கள், சார்?

அன்று சனிக்கிழமை கட்டின கட்டை அவிழ்க்காமலே ஆட்கள் தோள் கொடுத்துக் கடற்கரையில் கொண்டுபோய் வைத்தார்கள். ராத்திரி முழுவதும் குப்பத்தார் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நைனாவை அழைத்துக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம். மரம் கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் அம்மா சொல்லியிருந்தாள்.

நைனா மரத்தைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். அது அவர் போடும் முடிச்சு இல்லை, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. துணி மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. அங்கங்கே ரத்தக் கறை வேறு.

“யாரு கட்னது?”

அம்மா இந்த முறை பத்தடி தள்ளிப் போகவில்லை. மரத்தை ஒட்டியே நின்றாள். “நான்தான்யா கட்னேன். இன்னா இப்போ?”

நைனா குனிந்து கயிற்றை ஒரு இடத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவிழ்த்து எறிந்துவிட்டுத் திரும்பக் கட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“ரெண்டாவது சுத்து கொஞ்சம் லூசா கீது” என்றார்.

சொல்லிவிட்டு, அதை இறுக்காமலே மரத்தைக் கடலில் தள்ளி, அம்மா போட்ட கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, ராயபுரத்தைப் பார்த்துத் துடுப்புப் போட்டார்.